நிறை

காலிமுகத் திடலுக்கு எதிரே, நாலாம் மாடி.
கழுத்தில் பெயரட்டை தொங்க எண்பது பேர்.
சத்திரசிகிச்சை, அகஞ்சுரப்பியியல், உளவியல்.
கொட்டாஞ்சேனைக் கிளினிக்கின் போசணை ஆலோசகர் நான்,
குளிரூட்டிக்குக் கீழே கடைசி வரிசையில்.

முதல் அமர்வில் ஒரு கோடு
திரையில் ஏறிக்கொண்டே போனது.
பிறகு புது ஊசியின் படம்.
அதன் விலை எந்தப் படத்திலும் இல்லை.

தேநீர் இடைவேளைக்கு மீன் றோல்ஸ், பட்டிஸ்,
மூன்றடுக்குச் சொக்லேட் கேக்.
யாரும் யாருடைய பீங்கானையும் பார்க்கவில்லை,
எல்லோரும் பார்த்தோம்.

இரண்டாம் அமர்வு, சொற்கள்.
வெள்ளைப் பலகையில் மூன்று நிரல்.
பிரியந்தி என் பக்கம் திரும்பினாள்: தமிழில்?
உடற்பருமன், என்றேன். படிவத்தில் அப்படி.
வீட்டில்?
குண்டு.

இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு இல்லை.
இந்த நகரத்தில் அந்தச் சொல்லுக்கு
வேறு வேலையும் இருந்தது.
தொண்ணூறுகளில், பொரளைப் பஸ்ஸுக்குள்
தம்பியை அந்தப் பட்டப்பெயரில் கூப்பிட்டேன்.
அக்கா என் வாயைப் பொத்தினாள்.
தம்பி, கூப்பிட்டது கேட்டும்,
யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான்.

கொழுப்பு என்றால்
எதிர்த்துப் பேசுகிறவனுக்குத்தான் அது கூட.
மெலிந்தால் என்ன வருத்தம் என்று கேட்பார்கள்,
சதை வைத்தால் வெளிநாட்டுக் காசு என்பார்கள்.
இதையெல்லாம் மூன்று நிமிடத்தில்
ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.
அவள் பலகையில் எழுதினாள்: உடற்பருமன்.

மதியத்துக்குப் பிறகு நாடகம்.
சீட்டுக் குலுக்கியதில் நான் நோயாளி.
கைப்பிடி வைத்த கதிரை ஒன்று,
இடுப்பில் கட்ட இரண்டு தலையணை.
எதிரே டொக்டர் ஹெட்டிகே, சத்திரசிகிச்சை நிபுணர்,
கோப்பிலிருந்து முகம் எடுக்காமல் சொன்னார்:
வாயைக் கட்டணும் அம்மா.

சிங்களத்தில் சொன்னார். சிங்களத்திலும் அதே வாய்.
வசனம் என்னுடையது.

ரினோஸாவுக்குச் சொன்னது.
எங்கள் தராசு நூற்றிருபதோடு முடிகிறது.
முள் கடைசிக் கோட்டில் முட்டி நடுங்கியது.
நாலாம் குறுக்குத் தெருவில், என்றேன்,
மூட்டை நிறுக்கிற தராசு இருக்கும்.
என் பின்னால் வரிசை நீளம். நான் கெட்டவள் இல்லை.
சொன்னேன், அவள் போனாள்.

பின்னேரம் துண்டோடு திரும்பி வந்தாள்.
அரிசிக் கடைப் பற்றுச்சீட்டு.
நிறை: 131.5.
சரக்கு என்ற இடத்தை
முதலாளி வெறுமையாக விட்டிருந்தார்.
எங்கள் எல்லோரிலும் அவருக்குத்தான்
நாகரிகம் தெரிந்திருந்தது.
நான் அதைக் கோப்பில் ஒட்டினேன்.
அடுத்த மாதத் திகதிக்கு அவள் வரவில்லை.
அதற்கடுத்ததற்கும்.

நிறையைக் குறை என்று
பத்து வருடமாக எழுதுகிறேன், நீல மையில்.
நிறை. குறை.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை.

தலையணையை அவிழ்க்கும்போது
கதிரையும் என்னோடு எழும்பியது.
சபை கைதட்டியது.

கடைசிப் படிவம்:
இன்று கற்றதில் நாளை எதைச் செய்வீர்கள்?
மூன்று வரிக்கு இடம்.
தராசு, இருநூறு வரை, என்று எழுதினேன்.
மற்ற இரண்டு வரியும் அப்படியே.
சான்றிதழ் தந்தார்கள்.
படம் எடுக்கிறவன் எங்களை
இன்னும் நெருக்கி நிற்கச் சொன்னான்.

திடலில் இறால் வடை வண்டிகள்
விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தன.
கடல் காற்றுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு
கோப்பிலிருந்த இலக்கத்தை அழுத்தினேன்.
முதல் வசனத்தை
லிஃப்ட்டிலேயே நாலு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன்.

ஒரு பிள்ளை எடுத்தது.
உம்மா தூங்குறாங்க.
ரெண்டு மணிக்கு எழும்பணும், இடியப்பம் அவிக்க.

ஆறரை மணி.
ராத்திரி பத்துக்கு ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று
அவளைக் கேட்டது நினைவிருக்கிறது.
பதிலுக்கு நிற்கவில்லை.

யார் என்று சொல்ல?
பெயரைச் சொன்னேன்.
எங்கே இருந்து?

அந்த இடத்தை
வெறுமையாக விட்டேன்.